தோலை உரித்தால் நிறம் மாறுமா?

கீழ் கோத்தகிரியிலிருந்து கோத்தகிரிக்குச் செல்லும் பேருந்தில் ஒரு நாள் காலை எனக்கு ஒரு துண்டறிக்கை கிடைத்தது. வழவழப்பான தாள். அதில் ஒரே பெண்ணின் முகம் இரண்டு முறை அச்சிடப்பட்டிருந்தது. இடப்பக்கம் கருத்த முகம், வலப்பக்கம் வெளுத்த முகம். கீழே ஓர் அழகு நிலையத்தின் பெயரும் நான்கு வாக்கியங்களும் இருந்தன.

"முகத்தில் படிந்துள்ள இறந்த செல்களை அடியோடு நீக்குகிறோம். தோலில் தேங்கிய நச்சுகளை வெளியேற்றுகிறோம். மூன்றே அமர்வுகளில் நிறத்தைக் கூட்டுகிறோம். முற்றிலும் இயற்கையானது, பக்க விளைவு கிடையாது."

மடித்துப் பையில் வைத்துவிட்டு மறந்து போனேன். அந்த வார இறுதியில் அதே தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் தெருப் பெண் ஒருத்தி வந்தாள். அவளுடைய தாய் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். "சார், தையில கல்யாணம். அம்மா சீட்டு எடுத்துப் பணம் தர்றேங்கறாங்க. இதுக்குப் போகலாமா?" என்று கேட்டாள்.

இரண்டு நாள் பொறுத்துக்கொள் என்றேன். புதிய நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம். நாடகங்களுக்கு விமர்சனம் எழுதுகிறோம். ஓர் ஏழைத் தாயின் சீட்டுப் பணத்தைக் கேட்கும் நான்கு வாக்கியங்களுக்கு ஏன் ஒரு விமர்சனம் எழுதக் கூடாது? வாசக அன்பர்களே, அவளுக்காக எழுதியதையே உங்கள் முன்னும் வைக்கிறேன்.

முதல் வாக்கியம்: இறந்த செல்கள்

இந்த வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது. நமது தோலின் மிக வெளி அடுக்கு உயிரற்ற செல்களால் ஆனதுதான். கொம்படுக்கு எனப்படும் இதில் ஏறத்தாழ 15 முதல் 20 வரிசைச் செல்கள் தட்டையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. முகத்தில் இதன் மொத்தத் தடிப்பு 1 மில்லிமீட்டரில் 100-ல் ஒரு பங்கு அளவுதான். மேல்தோலின் அடித்தளத்தில் பிறக்கும் செல்கள் சிறிது சிறிதாக மேலே தள்ளப்பட்டு, வழியில் தம் உட்கருவை இழந்து, கெரட்டின் என்னும் புரதத்தால் நிறைந்து, இறுதியில் இந்த அடுக்கை வந்தடைகின்றன. பிறகு ஒவ்வொன்றாக உதிர்கின்றன. இளம் வயதினருக்கு இப்பயணம் முடிய ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். வயது ஏற ஏறக் காலமும் கூடும்.

ஆனால் "படிந்துள்ள" என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டத்தின்மேல் தூசு படிவதுபோல் இச்செல்கள் எங்கிருந்தோ வந்து முகத்தில் படிந்துவிட்டன என்ற எண்ணத்தை அச்சொல் உண்டாக்குகிறது. இது தவறு. கொம்படுக்கு நம் உடலின் மதில். செல்கள் செங்கற்களாகவும், அவற்றுக்கு இடையிலுள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்தாகவும் அமைந்த சுவர் என்றே அறிவியலார் இதனை விளக்குவர். உடலின் நீர் ஆவியாகிப் போய்விடாமல் காப்பதும், வெளியிலுள்ள கிருமிகளையும் வேதிப்பொருள்களையும் தடுப்பதும் இச்சுவரே. இதை "அடியோடு" நீக்கினால் கிடைப்பது அழகன்று, புண்!

அப்படியானால் அழகு நிலையத்தில் உண்மையில் நடப்பது என்ன? சுவரின் மேற்பூச்சைச் சற்றே சுரண்டுகிறார்கள். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உராய்வு. அலுமினியம் ஆக்சைடு என்னும் கடினமான பொருளின் நுண்துகள்களை முகத்தின்மீது பாய்ச்சி, உடனே உறிஞ்சி எடுக்கும் கருவியை 1985-ல் இத்தாலியில் அறிமுகப்படுத்தினர். வைர முனையால் தேய்ப்பதும், மெல்லிய கத்தியால் மழிப்பதும், நீரைப் பீய்ச்சி உறிஞ்சுவதும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. இரண்டாவது வழி, அமிலம். செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் பிணைப்புகளை அமிலம் தளர்த்துவதால் அவை விரைவாக உதிர்கின்றன.

இதனால் பயன் உண்டா? உண்டு, மறுக்க வேண்டியதில்லை. வறண்டு மேலெழும்பிய செல் விளிம்புகளின்மீது விழும் ஒளி பல திசைகளிலும் சிதறுகிறது. தோல் சாம்பல் பூத்தாற்போல் மங்கித் தெரிகிறது. விளிம்புகளை நீக்கிச் சமப்படுத்தினால் ஒளி ஒரே சீராகத் திரும்புகிறது, முகம் பளிச்சிடுகிறது. இழைப்புளி போட்ட பலகை மின்னுவதும் இதே காரணத்தால்தான். ஆனால் செல்கள் தொடர்ந்து மேலே வந்துகொண்டே இருப்பதால் இந்தப் பொலிவு நிலைப்பதில்லை. சில நாள்களிலோ சில வாரங்களிலோ மறைந்துவிடும்.

நீலகிரிவாசிகள் இங்கு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். மார்கழி, தை மாதங்களில் நம் மலைக் காற்று குளிர்ந்து உலர்ந்திருக்கும். அக்காலத்தில் கன்னத்தில் தோன்றும் சாம்பல் பூத்த தோற்றம் பெரும்பாலும் நீர்ப்பற்றாக்குறையின் அடையாளமே. குளித்தவுடன் ஈரம் முழுவதும் காயுமுன் சிறிது தேங்காய் எண்ணெயோ மணமற்ற வாசலினோ தடவினால், செல்களுக்கு இடையிலுள்ள வெடிப்புகள் நிரம்பி மேற்பரப்பு சமமாகிவிடுகிறது. முகப்பரு உள்ளவர்கள் மட்டும் எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது. ஏற்கெனவே வறண்ட சுவரை அந்த நேரத்தில் மேலும் சுரண்டுவது எதிர்விளைவையே தரும்.

இரண்டாம் வாக்கியம்: நச்சுகள்

இதற்கு அதிக இடம் தேவையில்லை. எந்த நச்சு? அதன் பெயர் என்ன? எவ்வளவு வெளியேறியது என்று எப்படி அளந்தார்கள்? இம்மூன்று கேள்விகளுக்கும் துண்டறிக்கையில் விடையில்லை. உடலில் சேரும் கழிவுகளைக் கையாளும் பெரும் பொறுப்பு கல்லீரலுக்கும் சிறுநீரகங்களுக்கும் உரியது. மூக்கின் ஓரத்திலிருந்து பிதுக்கி எடுத்துக் காட்டப்படும் கரும்புள்ளி நஞ்சு அன்று. அது தோலின் எண்ணெயும் உதிர்ந்த செல்களும் கலந்த அடைப்பு. அதன் கருமை அழுக்கினால் வருவதன்று. அடைப்பிலுள்ள நிறமியும் கொழுப்பும் காற்றுப்பட்டுக் கறுக்கின்றன, அவ்வளவே.

மூன்றாம் வாக்கியம்: நிறம்

பணம் வாங்கப்படுவது இந்த வாக்கியத்துக்காகத்தான். ஆகவே இதை நிதானமாகப் பார்ப்போம்.

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் கருநிறமி. இதை உற்பத்தி செய்யும் செல்கள் மேல்தோலின் அடித்தளத்தில் இருக்கின்றன. மிக வெளுத்தவருக்கும் மிகக் கருத்தவருக்கும் இச்செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே என்பது பலருக்கு வியப்பளிக்கும். வேறுபடுவது அவை உண்டாக்கும் நிறமியின் அளவும் வகையும், அது பொதியப்படும் விதமும்தான். ஒவ்வொரு நிறமிச் செல்லும் கிளைகள் போன்ற நீட்சிகளின் வழியே தன்னைச் சூழ்ந்த முப்பதுக்கும் மேற்பட்ட செல்களுக்கு நிறமித் துணுக்குகளை வழங்குகிறது. அச்செல்கள் அவற்றைத் தம் உட்கருவின்மேல் குடைபோல் விரித்துக்கொள்கின்றன. புற ஊதாக் கதிர்கள் உட்கருவிலுள்ள மரபுப் பொருளைத் தாக்காமல் இருக்கவே இந்தக் குடை.

இப்போது எளிய கணக்கு ஒன்று. அழகு நிலையத்தின் உராய்வுக் கருவி வேலை செய்வது கொம்படுக்கின் மேற்பகுதியில். நிறத்தின் தொழிற்சாலை இருப்பதோ மேல்தோலின் அடியில். கூரையைப் பெருக்குவதால் நிலவறையில் ஓடும் இயந்திரம் நிற்குமா? வெயிலில் ஏறிய கருமையில் மேலடுக்குகளில் தங்கியுள்ள சிறு பங்கு உதிரலாம். அதனால் முகம் ஓரளவு தெளிந்து தோன்றலாம். பிறவி நிறம் மாறுவதில்லை.

"அப்படியானால் இன்னும் ஆழமாக உரித்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் உள்ள நிறமிச் செல்கள் காயத்துக்கு மிக விரைவாக எதிர்வினை காட்டுபவை. கொசு கடித்த இடம் ஆறிய பிறகும் கரும்புள்ளியாக மாதக்கணக்கில் நிற்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அளவு மீறிய அமிலம் முகம் முழுவதும் செய்யக்கூடியதும் இதுவே. அழற்சி உண்டாகிறது, நிறமிச் செல்கள் தூண்டப்படுகின்றன, கருமையை நீக்கப் போன இடத்தில் புதிய கருமை படர்கிறது. சில வேளைகளில் நிறமி உட்தோலுக்குள் இறங்கிவிடும். அப்போது அது மறைய ஆண்டுகள் ஆகலாம். வெயிலுக்குத் தோல் எவ்வாறு எதிர்வினை காட்டுகிறது என்பதை வைத்து அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் ஒரு பகுப்பு முறையை வகுத்தார். பின்னர் ஆறு வகைகளாக விரிந்த அப்பகுப்பில் தமிழர்களில் பெரும்பாலோர் நான்காம், ஐந்தாம் வகைகளில் அடங்குவர். உரித்த பின் கறுக்கும் ஆபத்து மிகுந்த வகைகள் இவை.

இதனுடன் மலையின் பங்கும் சேர்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரும்போது புற ஊதாக் கதிர்களின் அளவு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆக, சென்னைக் கடற்கரையைவிட இங்கு இக்கதிர்கள் கூடுதலாகவே இருக்கும். நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகை சொச்சத்தில். ஆண்டில் இருமுறை, ஏப்ரலிலும் ஆகஸ்டிலும், கதிரவன் நம் உச்சிக்கு நேராக வருகிறான். ஆனால் காற்று குளிர்ந்திருப்பதால் வெயில் உறைப்பதே தெரிவதில்லை. மெல்லிய மேகத்தைப் புற ஊதாக் கதிர்களில் பெரும்பங்கு ஊடுருவிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமிலத்தால் மதில் மெலிந்த முகத்தோடு மறுநாளே தோட்டத்தில் நிற்பவளின் நிலை என்னாகும்? இக்கேள்வியை அத்துண்டறிக்கை எழுப்பவே இல்லை.

நான்காம் வாக்கியம்: இயற்கையானது

இயற்கையானது என்றால் தீங்கற்றது என்ற நம்பிக்கைக்கு நீலகிரியே நல்ல பதில் வைத்திருக்கிறது.

இம்மலைகளில் கால்தேரியா ஃபிராகிராண்டிசிமா என்னும் புதர்ச்செடி இயல்பாக வளர்கிறது. இதன் இலையைக் கசக்கினால் வலி நிவாரணத் தைலத்தின் மணம் வீசும். உதகைக் கடைகளில் நீலகிரித் தைலத்துக்கு அருகே விண்டர்கிரீன் தைலம் என்று விற்கப்படுவது இவ்வகைச் செடியின் எண்ணெயே. அது ஏறக்குறைய முழுவதும் மெதில் சாலிசிலேட். அதைச் சிதைத்தால் சாலிசிலிக் அமிலம் கிடைக்கும். இன்று முகம் உரிக்கப் பயன்படும் முக்கிய அமிலங்களுள் அது ஒன்று!

கதை இன்னும் இருக்கிறது. 1860-களின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு உதகையில் சிங்கோனாப் பட்டைகளை ஆராய ஜான் பிரௌட்டன் என்னும் வேதியியலரை அமர்த்தியிருந்தது. அவர் இச்செடியின் எண்ணெயையும் ஆராய்ந்து, அதிலிருந்து கார்பாலிக் அமிலம் தயாரிக்கலாம் என்று காட்டினார். நிலக்கரித் தாரிலிருந்து அதே பொருள் மலிவாகக் கிடைத்ததால் அம்முயற்சி தொழிலாக வளரவில்லை. 1874-ல் ஜெர்மானிய வேதியியலர் கோல்பே எதிர்த் திசையில் சென்றார். கார்பாலிக் அமிலத்திலிருந்து சாலிசிலிக் அமிலத்தைப் பெருமளவில் செய்யும் முறையை வகுத்தார். 1882-ல் ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் உன்னா, இவ்விரண்டையும் இன்னும் சிலவற்றையும் தோலுரிக்கும் மருந்துகளாக விவரித்தார். இன்றைய உரிப்பு முறைகளின் தொடக்கம் அங்கே இருக்கிறது.

ஒரே இலையிலிருந்து வரக்கூடிய இந்த இரண்டு பொருள்களில், சாலிசிலிக் அமிலம் 2 விழுக்காட்டளவில் முகப்பருக் களிம்பாகிறது. 20 முதல் 30 விழுக்காட்டளவில் மருத்துவர் கையாள வேண்டிய உரிப்பானாகிறது. கார்பாலிக் அமிலமோ உட்தோல்வரை இறங்கி எரிப்பது. இரத்தத்தில் கலந்தால் இதயத் துடிப்பையே குலைக்கக் கூடியது. விண்டர்கிரீன் எண்ணெயில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், இருபது ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கும் மேலான சாலிசிலேட்டைக் கொண்டது. குழந்தை ஒன்று அதைக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆக, பொருள் இலையில் பிறந்ததா ஆலையில் பிறந்ததா என்பதைவிட அதன் அடர்த்தி என்ன, எவ்வளவு நேரம் தோலில் இருந்தது என்பனவே முடிவைத் தீர்மானிக்கின்றன.

கரும்பிலுள்ள கிளைகாலிக் அமிலத்துக்கும், தயிரிலுள்ள லாக்டிக் அமிலத்துக்கும் இது பொருந்தும். செதில் செதிலாகத் தோல் தடிக்கும் நோயில் இவ்வகை அமிலங்கள் பயன்படுவதை 1974-ல் வான் ஸ்காட், யூ என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துரைத்தனர். நோய்க்கு மருந்தாக அறிமுகமானவையே பின்னர் அழகுச் சந்தைக்கு வந்தன. நம் வீட்டு முறைகளுக்கும் விலக்கு இல்லை. பயற்றம்மாவு மென்மையான உராய்வுப் பொருள். குறை சொல்ல முடியாது. ஆனால் எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசி வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுக்கலாம்.

துண்டறிக்கை சொல்லாத வாக்கியம்

அத்தாளின் தலைப்பில் "தொழில்முறைச் சிகிச்சை" என்று போட்டிருந்தது. யாருடைய தொழில்?

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்வோருக்குக் கவாத்து என்றால் தெரியும். அரிவாளைப் பிடிக்க யாராலும் முடியும். எந்தப் பருவத்தில், எந்த உயரத்தில் வெட்டினால் செடி தளிர்க்கும், எப்படி வெட்டினால் காய்ந்து போகும் என்பதுதான் தொழில். அமில உரிப்பும் அத்தகையதே. சில அமிலங்களைப் பூசியதும் தோல் வெளுக்கும். மருத்துவர்கள் அதை "உறைபனி" என்றே அழைக்கிறார்கள். டிரைகுளோரோ அசெட்டிக் அமிலம் தரும் வெண்மை, தோலின் புரதம் உறைந்ததன் அறிகுறி, சாலிசிலிக் அமிலம் தரும் வெண்மை, அமிலமே படிகமாகப் படிந்தது, துடைத்தால் போய்விடும். கிளைகாலிக் அமிலத்தைக் குறித்த நேரத்தில் செயலிழக்கச் செய்யாவிட்டால் அது உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். இவ்வேறுபாடுகளைக் கண்ணால் அறியத் தெரியாதவர் கையில் புட்டியைக் கொடுக்கலாமா? உறைபனி விழுந்த மறுநாள் தேயிலைச் செடி கருகி நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா?

தோல் மருத்துவர்கள் இதற்கென வழிகாட்டி நெறிகளை 2008-ல் இந்தியாவிலேயே வெளியிட்டிருக்கிறார்கள். பயிற்சி பெற்ற மருத்துவரே செய்ய வேண்டும். முன்னதாகச் சில வாரங்கள் தோலைத் தயார்ப்படுத்த வேண்டும். பயன், தீமை இரண்டையும் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். பின்னர் வெயில்காப்பு கட்டாயம் என்பன அவற்றின் சாரம். இவ்வாறு செய்யப்படும்போது முகப்பரு, அதன் தழும்புக் கருமை, மங்கு ஆகியவற்றுக்கு அமில உரிப்பு துணைச் சிகிச்சையாக உண்மையிலேயே உதவுகிறது. நான் குறை காண்பது சிகிச்சையை அன்று. அதன் பெயரால் கொடுக்கப்படும் வாக்குறுதியை.

வாக்குறுதி பொய்த்த பிறகு நடப்பது இன்னும் கவலைக்குரியது. முகம் எரிகிறது, கறுக்கிறது. வெட்கப்பட்டு மருத்துவரிடம் போகாமல் மருந்துக்கடையில் ஏதோ ஒரு களிம்பை வாங்குகிறார்கள். பல களிம்புகளில் வீரியமிக்க ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரம் முகம் வெளுக்கும், எரிச்சல் அடங்கும். மாதங்கள் சென்றால் தோல் மெலிந்து, சிவந்த நுண்குழாய்கள் தெரிந்து, பருக்கள் கிளம்பி, களிம்பை நிறுத்தவே முடியாத நிலை வரும். இந்தியாவின் 12 மையங்களில் நடத்தப்பட்டு 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், முகத்தோல் கோளாறுகளுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் இத்தகைய களிம்புகளைப் பூசி வந்தது தெரிந்தது. 2018-ல் மைய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது, கேட்டு வாங்கும் பழக்கம் போக வேண்டும்.

இப்பழக்கத்தின் வேர் தோலில் இல்லை. 1975-ல் வெளுப்பை வாக்களித்து இந்தியச் சந்தைக்கு வந்த புகழ்பெற்ற களிம்பு ஒன்று, 2020-ல் தன் பெயரிலிருந்து வெளுப்பைக் குறிக்கும் சொல்லை எடுத்துவிட்டுப் "பொலிவு" என்ற பொருள்படும் சொல்லைச் சேர்த்துக்கொண்டது. சொல் மாறிவிட்டது, இடப்பக்கம் கருத்த முகம், வலப்பக்கம் வெளுத்த முகம் என்ற படம் நம் ஊர்ப் பேருந்துவரை இன்னும் பயணம் செய்துகொண்டுதான் இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பூசப்போகும் பொருளின் பெயரும் அடர்த்தியும் என்ன? என் தோலை முன்னதாகப் பரிசோதிப்பவர் யார், அவர் மருத்துவரா? கறுத்துப் போனால் பொறுப்பேற்பவர் யார்? அவள் அந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினாள். "நேர்ல வாங்க, எல்லாம் சொல்றோம்" என்ற ஒரே பதில் மூன்று கேள்விகளுக்கும் வந்ததாம்.

கல்யாணத்துக்குச் சில வாரங்களே இருக்கும்போது முதல் முறையாக அமிலம் தொடவே வேண்டாம் என்பது மட்டும் என் உறுதியான யோசனை. மற்றதை அவளே முடிவு செய்துகொள்வாள்.

அவளுடைய தாய் அதுவரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப எனக்கு இத்தனை வருஷமா வெயில்ல கறுத்தது போகவே போகாதா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். போகும், அம்மா. எல்லாம் போகாது, ஆனால் பெரும்பகுதி போகும். அகன்ற விளிம்புத் தொப்பியும், முகத்துக்குத் துணி மறைப்பும், இயன்றால் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத வெயில்காப்புக் களிம்பும் இருந்தால், புதிய கருமை ஏறுவது குறையும். பழைய கருமையைச் சுமந்த செல்கள் ஒவ்வொரு நாளும் தாமாகவே உதிர்ந்துகொண்டிருக்கின்றன. மாதங்கள் ஆகும். ஆனால் அதற்குச் சீட்டு எடுக்க வேண்டியதில்லை.